293 அத்தியாயம்... 22 பேர்... ஒரே கால அட்டவணை!
செல்போனில் கூடி "பொன்னியின் செல்வன்" படித்த மாம்பலம்வாசிகள்

தாம்பரத்தில் ரெயிலில் உட்கார்ந்தால் கோட்டை வருவதற்குள் 2 அத்தியாயம் முடிந்து விடும். மளிகைக்கடையில் உட்கார்ந்தால் அரை அத்தியாயம் கூட நகராது. இந்த வித்தியாசம் தெரியாமல் போட்ட அட்டவணையால் ஒரு வாசகர் குழு உடைய இருந்தது!

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 2024 ஜனவரி 1-ந் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். கல்கியின் "பொன்னியின் செல்வன்" நாவலை எல்லோரும் சேர்ந்து படிப்பது என்று திட்டம். குமாஸ்தாக்கள், டீச்சர்கள், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி என்று 22 பேர் சேர்ந்தார்கள்.

"5 பாகம், 5 மாசம். சுலபமா முடிச்சிடலாம்" என்று அறிவித்தார் தலைவர். வங்கியில் கணக்குப் பார்த்தவர், இந்தக் கணக்கில் கோட்டை விட்டார்!

முதல் பாகத்தில் 57 அத்தியாயம். இரண்டாவதில் 53. அடுத்த இரண்டிலும் தலா 46. ஐந்தாம் பாகத்திலோ 91! அந்த ஒரு மாதம் மட்டும் நாளைக்கு 3 வீதம் படித்தாக வேண்டும். ஆபீஸ் போகிறவர்களால் முடிகிற காரியமா?

பக்க எண் தகராறு

முதல் வாரமே வேறொரு குழப்பம். "இன்று 45-ம் பக்கம் வரை" என்று தலைவர் தகவல் போட்டார். ஒருவருக்கு அந்தப் பக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் இருந்தான். இன்னொருவருக்கு இறங்கி விட்டான்! கல்கியின் நூல்கள் 1999-ல் நாட்டுடைமை ஆன பிறகு பல பதிப்பகங்கள் இதை அச்சிட்டு இருக்கின்றன. ஒன்றின் பக்கம் இன்னொன்றுக்கு ஒத்து வராது. அன்றிலிருந்து அத்தியாய எண்தான் கணக்கு.

சினிமா பார்த்தவர்கள் தொல்லை வேறு. 2022-லும் 2023-லும் படம் வந்து விட்டதே! "கரிகாலன் சாகிற கட்டம் எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டு வைக்க, படம் பார்க்காத டீச்சர் கொதித்து விட்டார். எந்த அத்தியாயம் என்று முதல் வரியில் எழுதி விட்டுத்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஜூமில் கூட்டம். இலவசக் கூட்டம் என்பதால் 40 நிமிடத்தில் தானாக அறுந்து விடும். தலைவரின் பேச்சுக்கு அதுவே கடிவாளம்!

அண்ணாச்சி எங்கே?

ஜனவரி 20-ந் தேதி குழு 40-வது அத்தியாயத்தைத் தொட்டது. அன்று இரவு அண்ணாச்சி சத்தம் இல்லாமல் குழுவை விட்டு வெளியேறி விட்டார். யார் மீது கோபமோ என்று பயந்த தலைவர், மறுநாள் காலை கடைக்கே போனார்.

"கோபம் எல்லாம் இல்லே சார். பொங்கல் வியாபாரத்துல புஸ்தகத்தைத் தொடவே முடியலே. நீங்க எல்லாம் 40-ல இருக்கீங்க. நான் 11-லயே நிக்கேன். தினமும் செல்போனைத் திறந்தா வெட்கமா இருக்கு. அதான் வந்துட்டேன்" என்றார் அண்ணாச்சி.

குழுவில் விசாரித்தால் இதே கதை ஏழெட்டுப் பேருக்கு! வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

உடனே ஒரு வாரம் விடுமுறை விட்டார்கள். ஜனவரி 29-ந் தேதி திங்கட்கிழமை முதல் புது அட்டவணை. வாரத்தில் 5 நாள், நாளைக்கு 2 அத்தியாயம். சனியும் ஞாயிறும் பின்தங்கியவர்களுக்கு. "எத்தனாவதில் இருக்கிறீர்கள்?" என்று பொதுவில் கேட்கக் கூடாது என்றும் முடிவானது.

"இரண்டாம் பாகத்துல பூங்குழலி வந்துடுவா. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்க அண்ணாச்சி" என்று டீச்சர் தனியாகச் செய்தி அனுப்பினார். அண்ணாச்சி மீண்டும் சேர்ந்தார். மத்தியானம் 2 மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் கல்லாப்பெட்டி மேல் புத்தகம் விரியும்.

1950-ல் இருந்து 1954 வரை "கல்கி" பத்திரிகையில் இந்தக் கதை வாராவாரம் வந்தபோது இந்தத் தொல்லையே இல்லை. முந்திக்கொண்டு ஓட யாராலும் முடியாது. ஊருக்கே அட்டவணை போட்டவர் ஆசிரியர்தான்!

ஜூலை 23-ந் தேதி குழு கடைசி அத்தியாயத்தை முடித்தது. 22 பேரில் 17 பேர் தேறினார்கள். கூட்டத்தைத் தலைவர் ஆகஸ்டு 3-ந் தேதிக்குத் தள்ளி வைத்தார். ஆடிப்பெருக்கு. கதை தொடங்குவதும் அதே நாளில்தான். காரணம் அது மட்டும் அல்ல, அண்ணாச்சிக்கு இன்னும் 14 அத்தியாயம் பாக்கி!

ஆகஸ்டு 2-ந் தேதி நள்ளிரவு 12.40 மணிக்குக் குழுவில் "முடிச்சாச்சு" என்று ஒரு செய்தி விழுந்தது. தூங்காமல் இருந்த 6 பேர் கைதட்டினார்கள்.

அடுத்து "சிவகாமியின் சபதம்" படிக்கலாமா என்று தலைவர் கேட்டார்.

"சின்னதா ஒண்ணு பாருங்க சார், தீபாவளி வருது" என்றார் அண்ணாச்சி.