எண்ணெய்க் குதத்துள் ஓர் ஆலாபனை

நாதம் பாடுவோன் கண்டத்திற் பிறக்கிறது. அவன் நிற்கும் இடத்தில் வளர்கிறது. கருங்கல் மண்டபத்திற் கேட்ட இராகம் கீற்றுப் பந்தலில் வேறொன்றாகி விடுவதை இசையறிந்தோர் யாவரும் அறிவர். ஆயினும், இடத்தையே பக்கவாத்தியமாகக் கொண்டு, முன்னே எழுதி வையாத இசையை அதனோடு கூடிப் படைக்கும் கலை மேனாட்டில் அண்மைக் காலத்திலேயே தனித்து வளர்ந்தது. மக்ஸ் நியூஹாஸ் என்பார் 1977இல் நியூயோர்க் நகரத்து நாற்சந்தியொன்றின் நடைபாதைக்குக் கீழே இடையறாத ஓசையொன்றை அமைத்து, தெருவையே ஒலிக்கூடமாக்கினார். இத்தகைய அமைப்புக்கு ஏற்ற இடங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தருகே இருக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

1988 ஒக்டோபரில் போலின் ஒலிவெரோஸ் என்னும் அம்மையாரும் இரு துணைவரும் வாஷிங்டன் மாநிலத்து வோர்டன் கோட்டையின் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் இறங்கினர். இருபது இலட்சம் கலன் நீர் கொள்ளும் அத்தொட்டி அப்பொழுது வெறுமையாய் இருந்தது. எழுப்பிய ஓசை அங்கே 45 விநாடி நின்றது. அக்கோர்டியனும் துரொம்போனும் குரலும் ஒன்றன்மேலொன்றாய்க் கவிய, மூவர் இசை பெருங்குழுவின் இசையாயிற்று. அடுத்த ஆண்டு அது 'ஆழ்ந்து கேட்டல்' என்று பொருள்படும் பெயருடன் இசைத்தட்டாக வெளிவந்தது.

இதன் காரணம் எளிது. துணியும் மரமும் மனித உடலும் ஒலியை உண்டுவிடும். இரும்பும் சாந்துச் சுவரும் அதனைத் திருப்பி அனுப்பும். உயர்ந்த சுரங்களைக் காற்றே விரைவிற் கரைத்துவிடுவதால், தாழ்ந்த சுரங்களே நெடுநேரம் நிலைக்கும். ஸ்கொத்லாந்தின் இஞ்சின்டவுன் மலைக்குள் பிரித்தானியக் கடற்படை குடைந்த எண்ணெய்க் குதமொன்று 237 மீற்றர் நீளமானது. 2012இல் ட்ரெவர் கொக்ஸ் என்ற ஒலியியற் பேராசிரியர் அங்கே வெடியொலி எழுப்பி அளந்தபோது, தாழ்ந்த ஒலி 112 விநாடி நின்றது. அவர் அங்கே சாக்சபோனும் வாசித்துப் பார்த்தார்.

அதே கடற்படைக்காக எழுந்தவையே நமது சீனக்குடாக் குதங்களும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அவற்றிலொன்று ஒரு குதத்தின்மீது வீழ்ந்து பெருந்தீ மூட்டியது. இன்று 99 குதங்கள் உள. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் எண்ணெய் கொள்ளும். பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டினுள் வெறுமையாய்க் கிடந்தன.

அத்தகைய இரும்பு வட்டத்துள் நம்மவர் பாடினால் என்னாகும்? தவிலின் விரைந்த சொற்கட்டு ஒரே இரைச்சலாகிவிடும். பிருகாக்கள் ஒன்றையொன்று விழுங்கும். மாயாமாளவகௌளை போல் நெருங்கிய சுரங்களையுடைய இராகம் தன்னோடு தானே மோதும். மோகனத்தின் ஐந்து சுரங்களோ விலகி நிற்பவையாதலால், பாடி முடித்த சுரம் பாடவிருக்கும் சுரத்துக்குச் சுருதியாய் நிற்கும். நாகசுர வித்துவான் ஒரு கார்வையை விடுத்து, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, அதற்கு மறுமொழி சொல்லல் வேண்டும். மனோதர்மத்திற்கு இதனினும் கடிய தேர்வு உண்டோ? தன் நரம்பையே யாழ் நரம்பாக்கி இராவணன் சாமகானம் இசைத்தான் என்ற கதையைப் போற்றும் கோணமலை மக்களுக்கு, கையிற் கிடைத்ததைக் கருவியாக்குதல் புதிதன்று.

ஆனால் காலம் குறுகியது. 2022 சனவரி உடன்படிக்கைகளின்படி 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 61 இருவரின் கூட்டு முயற்சிக்கும் உரியன. அவை செப்பனிடப்பட்டு எண்ணெயால் நிரம்பிவிட்டால் அவ்வோசையை யார் கேட்பது? அதே ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றதை நான் மறக்கவில்லை. குதங்கள் எண்ணெய்க்குப் பயன்படல் வேண்டும். 98 பயன்படட்டும்; ஒன்றேயொன்றை இசைக்கு விடுக என்பதே என் வேண்டுகோள்.

இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ரேஞ்ச்லி என்னும் சிற்றூரில், இரும்புத் தண்ணீர்த் தொட்டியொன்று பயனின்றி நின்றது. 1976இல் புரூஸ் ஓட்லண்ட் என்ற கலைஞர் அதனுள் புகுந்து அதன் நாதத்தைக் கண்டார். பின்னர் அது பழைய இரும்பாக விலைபோக இருந்த வேளையில், இசைவாணர் 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதனைக் காத்தனர். இன்று அது இசைக்கூடம்.

நமக்கும் ஆளில்லாமற் போகவில்லை. பௌதிகமும் பண்ணும் ஒருங்கே கற்று 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகள், திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணி புரிந்தவர். அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்பில் இருக்கிறது. அதன் ஆசிரியரும் மாணவரும் குதமொன்றை நச்சுவாயு நீக்கித் துப்புரவாக்க ஏற்பாடு செய்து, அதன் ஒலியை முதலில் அளந்து பதியட்டும். பிறகு ஒரு நாகசுரம் அங்கே பேசட்டும். போருக்கென எழுந்த இரும்புக்குள் ஒரு மோகனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை, அது நிரம்பு முன்னரே நாம் கேட்டறிதல் வேண்டும்.