கால்டுவெல் என்னும் பெயர்

எம் விடுதியில் கால்டுவெல் என்னும் பெயருடைய நண்பர் ஒருவர் உளர், திருநெல்வேலிச் சீமையினர். காவிரிக்கரையிற் பிறந்த எனக்கு அப்பெயர் புதுமையாய்த் தோன்றவே, “தமிழராகிய உமக்கு இவ்வயற்பெயர் எற்றுக்கு?” என்று ஒருநாள் வினவினேன். “பாட்டனார் இட்டது, பொருளை யானும் அறியேன்” என்று சிறிது நாணத்துடன் விடை கூறினார். அன்று அதனை ஆராயப் புகுந்தேன்.

இது ஸ்காட்லாந்து தேசத்துக் குடிப்பெயர். அங்கு ரென்புரூஷயர் என்னும் பகுதியில் இப்பெயர் கொண்ட நிலம் ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் முதற்சொல் குளிர்ச்சியையும், பின்னது ஊற்றையும் குறிக்கும். எனவே தண்ணூற்று என்பதே பொருளாம். நீரின் பெயர் நிலத்திற்காகி, நிலத்தின் பெயர் குடிக்காயிற்று. நம் நாட்டிலும் ஆற்றின் பெயரால் திருவையாறும், துறையின் பெயரால் ஆடுதுறையும் விளங்குகின்றன. உ. வே. சாமிநாதையர் பெயரின் முதலெழுத்து உத்தமதானபுரம் என்னும் தஞ்சை நாட்டூரைக் குறிப்பதன்றோ?

அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்கு 1814-இல் பிறந்த இராபர்ட்டு கால்டுவெல் ஐயர் 1838-இல் சென்னையை அடைந்தார். 1841-இல் கால்நடையாகப் புறப்பட்டு, தஞ்சை, நீலகிரி முதலிய இடங்களைக் கண்டு, திருநெல்வேலியைச் சேர்ந்து, இடையன்குடியில் தங்கினார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1891-இல் கொடைக்கானலில் உயிர் நீத்தார். இடையன்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர்பால் வைத்த அன்பினால் தென்னாட்டுக் கிறிஸ்தவர் தம் மக்கட்கு அப்பெயரை இட்டனர். அங்கே பிறப்பினால் வழிவழி வந்த குடிப்பெயர், ஈண்டு அன்பினால் இடும் இயற்பெயராயிற்று. அமெரிக்காவிலும் அஃது இயற்பெயராய் வழங்குவதுண்டு. ஐடஹோ நாட்டில் ஒரு நகர்க்கும் பெயராயிற்று.

லகர மெய்யின்பின் டகரமும், டகர மெய்யின்பின் வகரமும் மயங்குதல் தமிழ்ச்சொல்லுக்கு இயல்பன்று. ஆகவே நம்மவர் டகரத்தின்மேல் உகரம் ஏற்றி அதனை எளிதாக்கினர். எனினும் லகர மெய்யின்பின் டகரம் நிற்றலால், உருவினால் அது முற்றும் தமிழ்ப்பெயர் ஆகவில்லை.

இவற்றை நண்பரிடம் உரைத்தேன். “குளிர்ந்த ஊற்றா!” என்று மகிழ்ந்தார். மேட்டூர் நீர் வாய்க்காலில் வரும் நாளை நோக்கியிருக்கும் உழவர் மரபினனாகிய எனக்கு, அதனினும் இனிய பெயர் ஒன்று தோன்றவில்லை. “அவர் நூலைக் கற்றதுண்டோ?” என்றேன். “இல்லை, நீர்?” என்றார். தமிழையே சிறப்புப் பாடமாகக் கொண்ட யான் தலைகுனிந்தேன். அயல்நாட்டார் ஒருவர் தமிழின் வேர்வரை சென்று கற்றார். பிறப்பினால் அதனைப் பெற்ற யானோ முற்றக் கற்றிலேன்.

அன்று மாலையே இருவரும் நூலகத்திலிருந்து அந்நூலை எடுத்து வந்தோம். இப்போது நாடோறும் சில பக்கங்கள் படித்து வருகின்றோம்.