தாம்பரம்: வேட்பாளர் தரும் வாக்குறுதிகளில் எது எம்எல்ஏ கையில் இருக்கு?

தாம்பரத்தில் சட்டமன்றத் தேர்தல் என்றாலே பிரசாரத்தில் கேட்கும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெள்ளம் வராது, மெட்ரோ வரும், சொத்து வரி குறையும், பட்டா கிடைக்கும், நீட் ரத்தாகும். இதில் சில விஷயங்களை மாநில அரசே முடிவு செய்யலாம். சில மாநகராட்சிக்கு உரியவை. சிலவற்றுக்கு டெல்லி சம்மதிக்க வேண்டும். அப்போ எதை யாரிடம் கேட்பது?

எது யாருடைய அதிகாரம்?

அரசியலமைப்பின் 7-வது அட்டவணை அதிகாரங்களை மூன்றாகப் பிரிக்கிறது. ரயில்வே, பாதுகாப்பு போன்றவை ஒன்றியப் பட்டியல். காவல், பொது சுகாதாரம், நிலம், உள்ளாட்சி போன்றவை மாநிலப் பட்டியல். கல்வி பொதுப் பட்டியல். 1976-ல் நெருக்கடி நிலை காலத்தில் வந்த 42-வது திருத்தம்தான் கல்வியை மாநிலப் பட்டியலில் இருந்து அங்கே மாற்றியது.

தாம்பரத்திலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஒன்றிய அரசுடையது. அதே பகுதியில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை மாநில அரசுடையது. ஒன்றில் குறை இருந்தால் எம்.பி.யிடமும், இன்னொன்றில் குறை இருந்தால் எம்எல்ஏவிடமும் சொல்வதுதான் பொருத்தம். தாம்பரம் தொகுதி ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது.

வெள்ளம்: நேரடியாக மாநில விவகாரம்

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ மழை பதிவானது. அடையாற்றின் மேல்பகுதியில் இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. அதன்பிறகு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் இங்குள்ளவர்களுக்கு அதே பயம்தான்.

ஆறும் பெரிய ஏரிகளும் மாநில நீர்வளத் துறையின் பொறுப்பு. தெருவோர மழைநீர் வடிகால் உள்ளாட்சியின் வேலை. வடிகால் சரியாக இருந்து, அது போய்ச் சேரும் ஆறு நிரம்பியிருந்தால் தண்ணீர் எங்கே போகும்? முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துத் திட்டமும் நிதியும் கொடுக்க மாநில அரசால்தான் முடியும். சட்டமன்றத்தில் குரல் கொடுத்தால் பலன் கிடைக்கக்கூடிய விஷயம் இது.

சொத்து வரி: மாநகராட்சி மட்டுமா?

5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து 2021-ல் உருவானது தாம்பரம் மாநகராட்சி. மொத்தம் 70 வார்டுகள். வரி ரசீது மாநகராட்சி பெயரில்தான் வருகிறது. ஆனால் 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தும் அறிவிப்பை வெளியிட்டது மாநில அரசு. மாமன்றங்கள் அதன் பிறகுதான் தீர்மானம் போட்டன. ஆக, "வரிக்கும் எம்எல்ஏவுக்கும் சம்பந்தமில்லை" என்று ஒருவர் நழுவினால் அது பாதி உண்மைதான்.

பட்டாவும் அப்படித்தான். சென்னையைச் சுற்றி 'பெல்ட் ஏரியா' கட்டுப்பாடு 1962-லிருந்து இருந்துவந்தது. ஆட்சேபனையற்ற புறம்போக்கில் வசிப்பவர்களுக்கு, இந்தப் பகுதிகளையும் சேர்த்து, மாநிலம் முழுவதும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் முடிவெடுத்தது மாநில அமைச்சரவை. நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபனையற்றது என்ற கணக்கில் வராது. ஏரிக்கரையில் வீடு இருப்பவரிடம் "பட்டா வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டப்படி என்று திருப்பிக் கேட்கலாம்.

மெட்ரோ, நீட்: பாதி இங்கே, மீதி டெல்லியில்

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. கட்டியது சிஎம்டிஏ, அதாவது மாநில அரசு. அதற்கான ரயில் நிலையத்துக்குப் பணம் கொடுத்ததும் சிஎம்டிஏதான், ஆனால் கட்டுமானம் தெற்கு ரயில்வே வசம். பஸ் ஸ்டாண்டு முதலில் வந்து, ரயில் நிலையத்துக்குப் பயணிகள் காத்திருக்க நேர்ந்தது.

விமான நிலையத்தில் இருந்து தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் போகும் சுமார் 15.5 கி.மீ மெட்ரோ வழித்தடத்தையும் மாநில அரசு திட்டமிடலாம், நிலம் எடுக்கலாம். ஒன்றிய அரசின் நிதிப் பங்கு வேண்டுமென்றால் டெல்லி ஒப்புதல் தேவை. மெட்ரோ 2-ம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியவர் உள்துறை அமைச்சர் அமித் ஷா. அதற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில். நடுவில் கிட்டத்தட்ட 4 ஆண்டுகள்.

நீட் விலக்கு மசோதா இன்னும் தெளிவான உதாரணம். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் பேரவையில் அறிவித்தார். சட்டமன்றம் இரண்டு முறை சொல்லியும் சட்டமாகவில்லை.

வேட்பாளரின் சொந்தக் கருத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் எல்லையும் உண்டு. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்எல்ஏ பதவி பறிபோகலாம். அதனால் ஒரு மசோதாவில் வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்பதைவிட, அவர் கட்சி என்ன முடிவெடுக்கும் என்பதுதான் வாக்கெடுப்பில் முக்கியம்.

ஆனால் வாக்களிப்பது மட்டும் எம்எல்ஏ வேலை இல்லை. கேள்வி நேரத்தில் கேட்கலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் துறை அமைச்சரிடம் தொகுதிக்காக நிதி கேட்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் ரேஷன் கடை, வகுப்பறை, நிழற்குடை கட்டலாம், ஆற்றை அகலப்படுத்த முடியாது. அதற்கு அரசு பட்ஜெட்டில்தான் பணம் வர வேண்டும்.

என்ன கேட்கலாம்?

வாக்கு கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் போதும். நீங்க சொல்ற வேலை எந்தத் துறையோடது? அதுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதுக்காகப் பேரவையில் என்ன செய்வீங்க? ஏற்கனவே எம்எல்ஏவாக இருந்தவர் என்றால் நாலாவது கேள்வியும் இருக்கு: போன தடவை இதைப் பற்றி அவையில் எத்தனை முறை பேசினீங்க? பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் அந்தப் பதில் பதிவாகியிருக்கும்.