நட்சத்திர மீன் மட்டும்தான் சாப்பிடும்: ஹார்லெக்வின் இறாலை வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மொத்த நீளம் 5 செ.மீ.தான். பால் வெள்ளை உடம்பு, அதில் பெரிய பெரிய புள்ளிகள். எந்தக் கடலில் இருந்து வந்தது என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளிகள் நீல விளிம்போடு பழுப்பாகவோ, ஊதாச் சிவப்பாகவோ இருக்கும். கொடுக்குகள் இரண்டும் இலை மாதிரி தட்டை. ஹார்லெக்வின் இறாலை ஒருமுறை பார்த்துவிட்டால், கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் யாருக்கும் கை பர்ஸைத் தேடும்.

அழகுக்காக மட்டும் இதை வாங்குவதில்லை. ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. லைவ் ராக், பவளத்துண்டு எதிலாவது ஒட்டிக்கொண்டு நகத்தளவு நட்சத்திர மீன்கள் உள்ளே வந்துவிடும். ஹாபியில் இருப்பவர்கள் இதை ‘அஸ்டெரினா’ என்பார்கள். (வகைப்பாட்டியலாளர்கள் இவற்றில் பலவற்றை இப்போது ‘அக்விலோனாஸ்ட்ரா’ என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். கடைகளில் பழைய பெயர்தான்.) உடம்பு இரண்டாகப் பிரிந்தே பெருகும் என்பதால், இன்று 4 தெரிந்தால் சில மாதங்களில் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக நிற்கும். அப்போது யாராவது சொல்வார்கள்: “ஒரு ஹார்லெக்வின் வாங்கி விடு, எல்லாத்தையும் தின்னு தீர்த்துடும்.”

சொன்னது உண்மைதான். தின்று தீர்த்துவிடும். தீர்ந்த பிறகு என்ன என்பதை யாரும் சொல்வதில்லை.

வேறு எதையும் தொடாது

தொட்டியில் வைக்கும் இறால்களில் பெரும்பாலானவை எதையும் சாப்பிடும். மீனுக்குப் போடும் பெல்லட், உறைய வைத்த மைசிஸ், பாறையில் படிந்த பாசி, எது கிடைத்தாலும் ஓகே. ‘ஹைமெனோசெரா பிக்டா’ என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்த இறால் அப்படியல்ல. அதன் உணவு நட்சத்திர மீன். பெல்லட்டைக் கொடுத்துப் பழக்கலாம் என்று முயன்று இறாலை இழந்தவர்கள்தான் அதிகம்.

அது சாப்பிடும் விதமும் சாதாரணமானதல்ல. முகத்தின் முன்னால் இருக்கும் இலை போன்ற உணர்கொம்புகளால் நட்சத்திர மீனின் வாசனையைத் தண்ணீரிலேயே பிடித்துவிடும். பெரும்பாலும் ஜோடியாகவே போகும். தங்களைவிடப் பல மடங்கு பெரிய மீனையும் பாறையிலிருந்து நெம்பி மல்லாக்கப் போட்டுவிடும். நட்சத்திர மீன் நகரப் பயன்படுத்தும் குழாய்க் கால்கள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. மல்லாந்துவிட்டால் ஓட வழியில்லை. கையின் நுனியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுப்பகுதியை நோக்கித் தின்னும். நாள் கணக்கில் ஆகும். அதுவரை நட்சத்திர மீன் உயிரோடுதான் இருக்கும்.

கடலில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பயனும் இருக்கிறது. பவளப் பாறைகளை மொட்டையடிக்கும் முள்கிரீட நட்சத்திர மீனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனாமாவின் பசிபிக் பக்கப் பாறைகளில் ஆய்வு செய்த பீட்டர் கிளின், இந்தச் சின்ன இறால் அதையும் தாக்குவதைப் பதிவு செய்தார். இறால் உண்டாக்கும் காயத்தின் வழியாக ஒரு வகைக் கடற்புழு உள்ளே நுழைந்து, மிச்ச வேலையை முடிக்கிறது.

கடலில் ஒரு நட்சத்திர மீன் தீர்ந்தால் அடுத்ததைத் தேடிப் போகலாம். 60 லிட்டர் நானோ டேங்கில் எங்கே போகும்?

பசி உடனே தெரியாது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அஸ்டெரினா காலியான மறுநாளே இறால் செத்துவிடாது. வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நிறம் அப்படியே இருக்கும், பாறை இடுக்கில் அமைதியாக நிற்கும். தொட்டியும் சுத்தமாகிவிட்டதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பிறகு ஒருநாள் காலையில் அசையாமல் கிடக்கும். “தண்ணியில ஏதோ பிரச்சினை போல” என்று டெஸ்ட் கிட்டை எடுப்பார்கள். பிரச்சினை தண்ணீரில் இருக்காது.

ஆக, இந்த இறாலை வாங்குவது என்றால், தொடர்ந்து நட்சத்திர மீனை வாங்குவதும்தான். கணக்கு எளிது. தொட்டியில் வளர்ப்பவர்கள் பொதுவாக வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒன்று வரை நட்சத்திர மீனின் ஒரு கையைக் கொடுக்கிறார்கள். 10 நாளுக்கு ஒன்று என்று வைத்தால் வருடத்துக்கு 36 கை. ஒரு மீனுக்கு 5 கை. முழு மீனாகத் தீர்த்தாலும் வருடத்துக்கு 7, 8 மீன்.

‘வெட்டிய கை திரும்ப முளைக்குமே’ என்று கேட்கலாம். முளைக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். மீன் உயிர் பிழைக்க வேண்டுமென்றால் ஒன்றிரண்டு கைகளுக்கு மேல் எடுக்கவும் கூடாது. அதனால் அந்த வழியில் போனால் ஒரே சமயத்தில் பல மீன்களை வேறொரு தொட்டியில் வைத்து, அவற்றுக்கும் சிப்பிச் சதையோ இறால் துண்டோ போட்டு வளர்க்க வேண்டும். இதற்கு அதிகம் வாங்கப்படுவது ‘சாக்லேட் சிப்’ நட்சத்திர மீன். அது பவளத்தையே சாப்பிடும் என்பதால் ரீஃப் டேங்கில் சேர்த்து வைக்க முடியாது. அழகான லிங்கியா வகையோ, தொட்டியில் தானாகவே தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

உயிரோடு இருக்கும் ஒன்றின் கையை மாதாமாதம் வெட்டுவது எல்லோருக்கும் ஒத்துவராது. நட்சத்திர மீனுக்கு மூளை இல்லை என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. மூளை இல்லாவிட்டாலும் நரம்புகள் இருக்கின்றன, தொட்டால் விலகுகிறது. மனசு கேட்காது என்றால், முழு மீனை ஃப்ரீசரில் உறைய வைத்து, துண்டு துண்டாகக் கொடுக்கும் வழி இருக்கிறது. பல இறால்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் வாங்கிய பிறகு சோதிப்பதைவிட, கடையிலேயே உறைந்த துண்டைச் சாப்பிடுகிறதா என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கடற்கரைக் கடைகளில் தொங்கும் காய்ந்த நட்சத்திர மீன் இதற்கு உதவாது. மண்டபம் பக்கம் போய்ப் பிடித்து வரலாம் என்ற யோசனையும் வேண்டாம். அங்குள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-லேயே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அங்கே உயிரினங்களைச் சேகரிப்பது குற்றம்.

மற்றவை சுலபம்

உணவை விட்டால் இது அடம் பிடிக்காத உயிர். 24 முதல் 27 டிகிரி வெப்பம், 1.025 அளவில் உப்பு, ஒளிந்துகொள்ள ஒரு குகை போதும். சென்னை வெயிலில் சின்னத் தொட்டியின் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தினமும் ஊற்ற வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்து தொட்டிப் பக்கமே வரக்கூடாது. பெரிய ராஸ், ஹாக் ஃபிஷ் போன்ற மீன்களும் ஆகாது. குறிப்பாக இறால் தோலுரித்த மறுநாள், அதன் உடம்பு மெத்தென்று இருக்கும்போது.

கையைக் கொடுப்பதற்கு விளக்கு அணைந்த பின் மாலை நேரம் நல்லது. குகை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்ளும். மிச்சம் அழுக ஆரம்பித்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அழுகும் சதையிலிருந்து வரும் அம்மோனியா ஒரு நானோ டேங்கை ஒரே இரவில் கெடுத்துவிடும்.

ஒன்றா, ஜோடியா? ஜோடியாக இருந்தால் பார்க்கவும் அழகு, இயல்பும் அதுதான். 1970-களில் ஜெர்மன் ஆய்வாளர்கள் வோல்ஃப்காங் விக்லரும் உட்டா சைப்ட்டும் இவற்றின் ஜோடி வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்தார்கள். தன் துணை எது என்று இந்த இறாலுக்கு அடையாளம் தெரியும் என்றது அந்த ஆய்வு. ஆனால் ஒரே பாலினத்தில் இரண்டை விட்டால் சண்டைதான். ஜோடி என்றால் சாப்பாட்டுச் செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு.

அஸ்டெரினாவை ஒழிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் முதலில் இடுக்கியை எடுங்கள். இரவில் விளக்கு அணைந்த பிறகு கண்ணாடிக்கு ஏறி வருபவற்றை ஒவ்வொன்றாக எடுத்தால், பல தொட்டிகளில் எண்ணிக்கை கட்டுக்குள் வந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை பாசியைத்தான் மேய்கின்றன, பவளத்துக்கு ஆபத்தில்லை. அப்படியும் முடியவில்லை என்றால் ஹாபியில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே ஜோடி இறாலைத் தொட்டி மாற்றித் தொட்டி இரவல் கொடுத்துக்கொள்ளும் குழுக்கள் இருக்கின்றன. இவர் வீட்டில் அஸ்டெரினா தீரும்போது அது அடுத்தவர் வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அவசரப்படாமல் பழக்கித்தான் உள்ளே விட வேண்டும்.