இரவல் குதிரைகளும் சூட்டுக்குறியும்

ஓசூரிலிருந்து எங்க தேன்கனிக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்தால் வழியில் மத்திகிரி. அங்கே இருக்கும் அரசு கால்நடைப் பண்ணை 1824-இல் தொடங்கியபோது மாடு வளர்க்க அல்ல, கம்பெனிப் படைக்குக் குதிரை தயார்செய்ய. படைக்கு எதுக்குச் சொந்தப் பண்ணை என்று தேடப்போனேன். கிடைத்தது, படைக்குள் நடக்கும் சோதனையின் கதை.

பழைய படைகள் பலவற்றில் அரசன் நேரடியாகக் குதிரை கொடுப்பதில்லை. இத்தனை குதிரைவீரர் என்று தலைவனோடு கணக்கு, அதற்குப் பணமோ நில வருவாயோ. ஆயிரம் பேருக்கு வாங்கி முந்நூறு பேரை வைத்துக்கொண்டால் மிச்சம் தலைவன் மடியில். குட்டு வெளிப்படுவது சண்டையில்தான். அப்போ சாகிறவன் அந்த முந்நூறில் ஒருவன்.

குதிரையின் வயது, நிறம், அடையாளம், வந்த இடம் எல்லாவற்றையும் பதியச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். அலாவுதீன் கில்ஜி குதிரைக்குச் சூடே போட்டார்; அதற்குப் பெயர் 'தாக்'. கூடவே வீரனுக்கு அங்க அடையாளக் குறிப்பு. ஒரே குதிரையை இரண்டு தரம் காட்டுவதும், நல்லதைக் காட்டிவிட்டு மட்டக்குதிரையை வைத்துக்கொள்வதும் இதனால் கஷ்டமானது. 1570-களில் அக்பரும் இதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஏய்க்கிறவன் சும்மா இருப்பானா? நெசவாளி, தச்சர், காய்கறிக்காரர் என்று கிடைத்தவர்களை இரவல் குதிரையில் ஏற்றி, சூடு போட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எழுதியவர் அக்பரின் சபையிலேயே இருந்த பதாயூனி. அக்பருக்கும் தெரியுமாம்; பிழைத்துப் போகட்டும் என்று சம்பளம் கொடுத்தாராம். (பதாயூனிக்கு அக்பரைப் பிடிக்காது. கொஞ்சம் கழித்துக்கொண்டே படிக்கணும்.) பிரான்ஸில் 14-ஆம் லூயி காலத்திலும் இதே வியாதி. கணக்கெடுப்பு நாளில் மட்டும் கூலிக்கு வந்து நிற்பவனுக்கு மூக்கறுப்பு வரை தண்டனை இருந்தது.

தக்காணத்தின் 'சில்லேதார்' முறையில் குதிரை வீரனுடைய சொந்தம். செத்தால் முதலே போச்சு, அதனால் துணிந்து பாயத் தயங்குவான். அரசே குதிரை வாங்கி வளர்த்தால் இந்த இரண்டு தொல்லையும் குறையும். மத்திகிரிப் பண்ணைக்கு அர்த்தம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது.

ஆனால் திருட்டு போகாது, இடம் மாறும். இனி கண்காணிக்க வேண்டியது கொள்ளு மூட்டையை, வாங்கும் விலையை. ராபர்ட் கிளைவ் பெரிய பணம் பார்க்கத் தொடங்கியதே 1749-க்குப் பிறகு, சென்னைப் படைக்கு உணவுப்பொருள் வாங்கித்தரும் பொறுப்பில் இருந்தபோதுதான். ராணுவ ரேஷன் பற்றி சி.ஏ.ஜி. 2010-11-இல் தனி அறிக்கையே போட்டது. காலாவதியான பொருள் சிப்பாய்க்குப் போனதும் அதில் இருக்கிறது.