ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

"கணக்கா, ஆளை விடுப்பா" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அரியர் வைத்திருப்பவர்களும் படிக்கலாம். (எனக்கும் கணக்கில் ஒரு பேப்பர் நிற்கிறது!)

ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் 24 பால்கோவா பாக்கெட்டை அடுக்கச் சொன்னால் இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டாக, எப்படியும் வரிசை கட்டலாம். 25 என்றால் ஐந்தைந்துதான். ராஜபாளையத்தில் அப்பா போகும் மில்லிலும் இதே கதை. நாளுக்கு 24 மணி நேரம், மூன்று ஷிப்ட், ஆளுக்கு எட்டு. 25 மணி என்றிருந்தால் மிச்ச ஒரு மணி நேரம் யார் தலையில் விழுமோ!

24-க்கு 1-ஐயும் 24-ஐயும் சேர்த்து 8 காரணிகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ளதுதான் 'உயர் பகு எண்'. ராமானுஜன் 1915-ல் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். எப்.ஏ. தேர்வில் தோற்றவர், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவர். இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது.

அதில் 102 உயர் பகு எண்களின் அட்டவணை இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்டது. ஆனால் நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

ராமானுஜனாவது, விடுவதாவது! நம்பாமல் நோட்டை எடுத்தேன். 293318625600-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வருகிறது. ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஆறு தடவை வரை எடுக்கலாம். ஆக 7 வழி. 3-க்கு 5 வழி. இப்படியே பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். அட்டவணையில் இதற்கு முந்தைய எண் 195545750400. அதற்கு 4608 காரணிகள். அடுத்தது 321253732800, அதற்கு 5376. நடுவில் 5040 உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லை.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "இந்நேரத்துக்கு என்னடா லைட்டப் போட்டுக்கிட்டு?" என்றார். "ராமானுஜன் விட்ட கணக்கைப் பாக்கேன்ப்பா" என்றேன். "மொதல்ல நீ விட்ட கணக்கப் பாரு" என்று படுத்துவிட்டார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த அட்டவணையின் கடைசி எண்ணையும் உடைத்துப் பார்த்தேன். 6746328388800. அதே 2, அதே 3, எல்லாம் அதே. கூட ஒரே ஒரு 23 மட்டும். விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் அவர் கடைசியாக எழுதிய எண்! சந்தேகம் இருந்தால் பெருக்கிப் பாருங்கள். சின்னக் கால்குலேட்டரில் இலக்கம் பத்தாமல் போகலாம், கையால் போட்டுப் பாருங்கள்.