காகம் போட்ட முதல் கல்

தாகத்தோடு வந்த காகம் பானைக்குள் கல் போட்டுத் தண்ணீர் குடித்த கதை, தமிழ்க் குழந்தைகள் மிகச் சிறிய வயதிலேயே கேட்டுவிடும் கதைகளில் ஒன்று. கிரேக்கத்து ஈசாப்பின் பெயரில் வழங்கும் இந்தக் கதையைத் தமிழ் வீடுகள் எப்போதோ தத்தெடுத்துக்கொண்டன. நரியிடம் வடையைப் பறிகொடுத்த காகத்துக்கு இதில்தான் மானம் மீண்டது.

பெரும்பாலும் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்து, 'நீதி: முயன்றால் முடியும்' என்று ஒப்பிக்க வைக்கிறார்கள். நீதி மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் அடுத்த மணியில் கழித்தல் கணக்கு தப்பினால் அதே பிள்ளை சிலேட்டை ஓரமாக வைத்துவிடும். கதையின் உயிர் முடிவில் இல்லை, நடுவில் இருக்கிறது. முதல் கல் விழுந்ததும் தண்ணீர் ஏறியதே தெரியாது. அப்போதும் காகம் ஏன் இரண்டாவது கல்லைத் தேடிப் போனது? இந்தக் கேள்வியில் கதையை நிறுத்தத் தெரிந்தவரே நல்ல கதைசொல்லி.

கேட்டதைச் செய்து பார்க்கப் பெரிய செலவில்லை. நெய்வேலிக்கு அருகே முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊரில் ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், பொறுக்கி வந்த கற்கள், கோடு போட ஒரு பேனா போதும். ஒவ்வொரு கல்லுக்கும் நீர்மட்டத்தில் ஒரு கோடு. தன்னால் முடியும் என்ற எண்ணம், தன் கையால் ஏறிய கோட்டைப் பார்க்கும்போதுதான் பிள்ளைக்கு வருகிறது. டம்ளரில் கால் பங்கு மட்டும் தண்ணீர் இருந்தால் கல் விளிம்பைத் தொட்டாலும் நீர் இடுக்குகளிலேயே தங்கிவிடும். பாதிக்கு மேல் இருந்தால் மேலே வந்துவிடும். விடாமல் செய்வதோடு, வழியை மாற்ற வேண்டிய இடமும் உண்டு என்பதை நீதி வாக்கியம் சொல்வதில்லை.

கதை வெறும் கற்பனையும் அல்ல. ரூக் என்ற காக இனப் பறவைகள், குழாய்க்குள் இருந்த நீரில் மிதந்த புழுவைக் கல் போட்டு மேலேற்றி எடுத்ததை 2009-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இதே வகைச் சோதனையை 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்த கேம்பிரிட்ஜ் ஆய்வு 2012-இல் வந்தது. 8 வயதைத் தாண்டியவர்கள் முதல் முறையிலேயே செய்தார்கள். 5 முதல் 7 வயதினருக்குச் சில முறை செய்த பிறகே பிடிபட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் முறை திணறுவது வயதின் இயல்பு, மந்தம் அல்ல.

பாராட்டும் விதமும் முக்கியம். கெட்டிக்காரர் என்று புகழப்பட்ட பிள்ளைகள், உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களைவிடத் தோல்விக்குப் பின் சீக்கிரம் சோர்ந்ததை உளவியலாளர்கள் முல்லர், டுவெக் இருவரும் 1998-இல் காட்டினர். ஆகவே, "நீ ரொம்பப் புத்திசாலிம்மா" என்பதைவிட, "சின்னக் கல் போதலைன்னு பெரிய கல்லா எடுத்தியே" என்பது மேல்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர்களுக்குக் காகம் போதாது. அவர்களுக்கு நெய்வேலியின் கதையே இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்துக் கிணற்றிலிருந்து கரிய பொருள் வந்தது; அதுதான் பழுப்பு நிலக்கரி. காகத்துக்கு நீர் ஏற வேண்டியிருந்தது; இங்கே இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நின்ற நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் இயங்கும். 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்க வேலையில் 1961-இல்தான் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த இறைப்பால் கிணறுகள் வற்றியதாக உழவர்கள் சொல்லும் குறையையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.